வாட்டர்கலரோடு எதைச் சேர்க்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான். உப்பு தூவலாமா, மெழுகு தேய்க்கலாமா, இங்க் போடலாமா, தங்க ரேக்கு ஒட்டலாமா. வாட்டர்கலரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது. நல்லதுதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்கும். வாட்டர்கலர் என்பது நிறத்தூளும் பிசினும். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். அதோடு நீங்கள் சேர்க்கிற பொருள் தண்ணீரைக் குடிக்குமா, தள்ளுமா, காய்ந்த பின் கரையுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கே: மாஸ்டர், வீடியோவில் பார்த்து ஈர வாஷின் மேல், அதாவது தண்ணீராகக் கரைத்துப் பரப்பிய நிறத்தின் மேல், உப்பு தூவினேன். அவர்களுக்குப் பூப்பூவாக வருகிறது. எனக்கு அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். உப்பில் கோளாறா, என்னிடமா?
– வாசகி, வேளச்சேரி

ப: இரண்டிலும் இல்லை, பெரும்பாலும் நம் ஊர்க் காற்றில். உப்புக்கல் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும்போது நிறமும் கூடவே நகர்கிறது, அதுதான் அந்தப் பூ. சென்னையில் உப்பு டப்பாவைத் திறந்ததுமே அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஏற்கெனவே வயிறு நிறைந்த உப்பு உங்கள் பேப்பரில் இருந்து எதை இழுக்கும்? அதனால் கல்லுப்பை வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து, ஆறவிட்டு, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தூள் உப்பு போட்டால் பொடிப்பொடியாகப் புள்ளி வரும், கல்லுப்பை லேசாக இடித்துப் போட்டால் பெரிசும் சிறிசுமாக வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நேரம்தான் அதைவிட முக்கியம். வாஷ் போட்டதும் பேப்பர் கண்ணாடியாகப் பளபளக்கும், அப்போது போட்டால் உப்பு கரைந்து போய்விடும், உங்களுக்கு வந்த அழுக்கு அநேகமாக அதுதான். பளபளப்பு முழுக்கப் போன பிறகு போட்டால் ஒன்றுமே நடக்காது. தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள், பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு கட்டம் வரும். அப்போது தூவுங்கள், கொஞ்சமாகத் தூவுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஃபேன் ஓடினால் ஒரு ஓரம் காய்ந்து இன்னொரு ஓரம் குளமாக நிற்கும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முழுக்க விட்டாலும் தப்பில்லை, காலையில் முழுசாகக் காய்ந்திருந்தால் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒரு துகள்கூட மிச்சம் இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் பிசுபிசுக்கும்.

கடைசியாக ஒரு புலம்பல். உப்பு என்றாலே எல்லோரும் நீல வானத்தில் நட்சத்திரம் வரைகிறார்கள். ஜார்ஜ் டவுனில் காரை பெயர்ந்து நிற்கும் பழைய சுவர்களைப் பாருங்கள், காசிமேட்டில் படகின் பக்கவாட்டில் துரு பூத்து நிற்பதைப் பாருங்கள். உப்புக்கு வேலை அங்கே இருக்கிறது.

கே: என் மகள் ஐந்தாம் வகுப்பு. ஓவியப் போட்டியில் வாட்டர்கலர் பிரிவில் வெள்ளை போஸ்டர் கலர் தொட்டதற்கு, அது ஏமாற்று வேலை என்று பக்கத்தில் இருந்த ஒரு பெற்றோர் சொல்லிவிட்டார். அப்படியா?
– ஒரு அம்மா, கொளத்தூர்

ப: இல்லை. ஒளி ஊடுருவாத வெள்ளையைக் கலப்பது சரியா என்பது பழைய சண்டை, ஆனால் ஆங்கில ஓவியர் டர்னரே அதைத் தாராளமாகப் பயன்படுத்தியவர். பேப்பரை நகத்தால் சுரண்டி வெள்ளை எடுத்தவரும் அவர்தான். போட்டியின் விதியில் 'டிரான்ஸ்பரன்ட் மட்டும்' என்று போட்டிருந்தால் கட்டுப்படுங்கள், இல்லையென்றால் குழந்தையை விட்டுவிடுங்கள். வெள்ளையைத் தடிமனாக அப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், பேப்பர் வளைந்தால் வெடித்து உதிரும்.

கே: மார்கழிக் காலையில் எங்கள் தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பதை வரைய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஈரத் தரை நன்றாக வருகிறது. ஆனால் கோலத்தின் வெள்ளைக் கோடு வரவே மாட்டேன் என்கிறது. நிறம் படாமல் வெள்ளையை மறைத்து வைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் வாங்கினேன், பேப்பர் கிழிந்துவிட்டது. வேறு வழி உண்டா?
– வாசகி, நங்கநல்லூர்

ப: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை முழுசாக ஒதுக்கலாம். முதலில் பேப்பர் ஏன் கிழிந்தது என்று பார்த்துவிடுவோம். மாஸ்கிங் ஃப்ளூயிட் என்பது ரப்பர் பால், அது கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள், மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறதே அதுதான். சூட்டில் இது பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய வைத்தாலோ, ஹேர் டிரையர் காட்டினாலோ, ஒரு வாரம் அப்படியே விட்டாலோ உரிக்கும்போது பேப்பரின் தோலும் சேர்ந்து வரும். பேப்பர் மேல் தண்ணீரை உடனே ஊறவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு சரியாக இல்லை என்றாலும் இதே கதிதான். போட்ட அன்றோ மறுநாளோ, வாஷ் முழுக்கக் காய்ந்த பிறகு, விரலால் மெதுவாக உருட்டி எடுங்கள். பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழ் விழுந்தால் கோட்டில் ஓட்டை விழும். பிரஷ்ஷை இதில் முக்க வேண்டாம். முக்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த பிரஷ்ஷை மறந்துவிட வேண்டியதுதான். கோலக் கோட்டுக்குத் தொட்டு எழுதும் நிப் பேனாதான் சரி.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாஸ்கிங் ஃப்ளூயிட் விடும் வெள்ளைக்கு ஓரம் கத்தியாக இருக்கும், தரையில் கம்பியை வளைத்து ஒட்டியதுபோல் தெரியும். உங்கள் வாசலில் குனிந்து ஒரு தடவை பாருங்கள். மாவு விரலிடுக்கில் விழும்போது கோட்டின் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் தூள் சிதறல், வளைவு திரும்புகிற இடத்தில் கை தயங்கியதால் ஒரு சின்னக் குவியல், ஈரத் தரை மாவைக் குடித்த இடத்தில் கோடு சாம்பலாக மங்கல். இது அத்தனையும் ஒரே பொருளில் வராது, அதனால்தான் கலந்து செய்ய வேண்டியிருக்கிறது.

நான் சொல்கிற முறை இது. சொரசொரப்பான கோல்டு பிரஸ்டு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை மட்டும் நிப்பால் மாஸ்கிங் ஃப்ளூயிட் தொட்டு வையுங்கள். கோடுகளுக்கு வெள்ளை மெழுகுவர்த்தி. பிறந்த நாள் கேக்கில் குத்துகிற மெல்லிய வர்த்தியை பிளேடால் சீவினால் பென்சில் முனை மாதிரி வரும். மெழுகு பேப்பரின் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் பின்னால் நிறம் இறங்கும், அந்த உடைந்த கோடுதான் மாவுக்கு மிக நெருக்கமானது. வெள்ளைப் பேப்பரில் வெள்ளை மெழுகு கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்பீர்கள். பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்து வையுங்கள், போட்ட கோடு மினுங்கும். சிக்குக் கோலம் என்றால் பென்சிலில் மிக மெல்லிசாக முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெழுகை அழிக்க வழி கிடையாது.

அப்புறம் தரைக்கு வாஷ். சிமென்ட் தரை என்றால் நீலமும் பழுப்பும் கலந்த சாம்பல், ஒரே தடவையில், தயங்காமல். காய்ந்ததும் புள்ளிகளை உரித்துவிட்டு, கடைசியில் கெட்டியான வெள்ளை கவாஷ் (ஒளி ஊடுருவாத வாட்டர்கலர்), பிரஷ்ஷில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத் துடைத்துவிட்டு, கோட்டின் அடர்த்தியான இடங்களில் மட்டும் இழுங்கள். எல்லா இடத்திலும் இழுத்தால் மெழுகு வைத்ததே வீண். காவி போடுகிற வழக்கம் உங்கள் தெருவில் இருந்தால் அதற்கு வெறும் வாட்டர்கலர் போதும், ஈரமாக இருக்கும்போதே போட்டால் தரையில் ஊறியது போல ஓரம் கலங்கி நிற்கும்.

மெழுகும் வாட்டர்கலரும் சேர்ப்பது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்கள் குண்டுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்ததை ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் 1940, 41-இல் வரைந்தது மெழுகு கிரேயான், வாட்டர்கலர், இங்க் மூன்றையும் வைத்துத்தான்.

கே: ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். சென்ட்ரல் ஸ்டேஷனை இங்க்கில் வரைந்து மேலே வாட்டர்கலர் பூசினேன். கறுப்பு கரைந்து சிவப்புக் கட்டிடம் முழுக்கப் புகை படிந்துவிட்டது. நிலக்கரி எஞ்சின் காலத்துப் படம் என்று பேரன் கேலி செய்கிறான்.
– வாசகர், பெரம்பூர்

ப: பேரன் சொன்னதில் ஒரு யோசனை இருக்கிறது ஐயா, அதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் ஊற்றியது சாதாரண ஃபவுன்டன் பேனா மை. அதில் பெரும்பாலானவை சாயம், தண்ணீர் பட்டால் ஓடும். உங்களுக்கு வேண்டியது இந்தியன் இங்க், விளக்குக் கரியும் அரக்கும் சேர்ந்தது, காய்ந்த பின் அசையாது. ஆனால் அதை உங்கள் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அரக்கு உள்ளே கெட்டியாகிப் பேனா போய்விடும். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான் அது. நிப் பழக்கம் இல்லை என்றால் கடையில் பிக்மென்ட் லைனர் என்று கேளுங்கள், தண்ணீரில் கரையாத மை உள்ள பேனா அது. எதை வாங்கினாலும் ஒரு துண்டுப் பேப்பரில் கோடு இழுத்து, ஒரு நாள் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் விரல் சொல்வதை நம்புங்கள்.

1873-இல் கட்டிய அந்தக் கட்டிடத்தில் வளைவுக்குள் வளைவு, ஜன்னலுக்கு மேல் ஜன்னல். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பில் கோடு போட்டால் சிவப்பு மூச்சு முட்டிப் போகும். இந்தியன் இங்க்கில் தண்ணீர் கலந்து சாம்பலாக்கி, தூரத்துக் கோபுரங்களை அதில் வரையுங்கள். முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் ஆட்களுக்கும் மட்டும் முழுக் கறுப்பு. இன்னும் சொல்லப்போனால் நிறத்தை முதலில் போட்டு, காய்ந்த பின் தேவையான இடத்தில் மட்டும் கோடு போட்டுப் பாருங்கள். தேவையான இடங்கள் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது பேரன் விஷயம். கரைகிற மையை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். கோடு போட்டு, நிழல் விழும் பக்கம் மட்டும் ஈர பிரஷ்ஷால் இழுத்தால் அந்த மையே நிழலாகிவிடும். போர்டிகோவின் உள் இருட்டுக்கு அருமையாக இருக்கும். வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் என்பதால் அதை ஸ்கெட்ச் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் மாட்ட வேண்டாம்.

கே: ஆக்ரிலிக் மேல் வாட்டர்கலர் உருண்டு ஓடுகிறதே?
– மாணவர், குரோம்பேட்டை

ப: ஓடத்தான் செய்யும் தம்பி. ஆக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம், அது தண்ணீரைக் குடிக்காது. 'வாட்டர்கலர் கிரவுண்ட்' என்று ஒரு பூச்சு கிடைக்கிறது, அதைப் பூசினால் பிடிக்கும். அதைவிட இந்தக் குணத்தையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். முதல் வாஷை நன்றாகத் தண்ணீராக்கிய ஆக்ரிலிக்கில் போட்டால், அந்த மெல்லிய பூச்சின் மேல் வாட்டர்கலர் ஓரளவு பிடிக்கும், கீழே இருப்பதும் கலங்காது. மேலே போட்டது சரியில்லையா, துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பிரஷ்ஷை உடனே கழுவுங்கள்.

கே: செயற்கை நிறமே வேண்டாம் என்று மஞ்சள், பீட்ரூட், செம்பருத்தி, ஃபில்டர் காபி டிகாஷன் எல்லாவற்றையும் வாட்டர்கலரோடு சேர்த்து வரைகிறேன். கல்லூரிக் கண்காட்சிக்கு வைக்கலாமா?
– மாணவி, தாம்பரம்

ப: கண்காட்சி முடியும் வரை தாங்கும், பிறகு சந்தேகம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்கவே நிற்காது. உங்கள் படத்தின் ஓரத்தில் ஒரு கோடு மஞ்சள் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டுங்கள், சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் மஞ்சளில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஆரத்தித் தட்டில் நாம் எல்லோரும் பார்த்ததுதான், சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். மஞ்சள் வாஷ் காய்ந்த பின் சுண்ணாம்புத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக எழும்பும். செம்பருத்திச் சாறும் எலுமிச்சை பட்டால் ஒரு நிறம், சோப்புத் தண்ணீர் பட்டால் ஒரு நிறம். செய்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு படைப்புதான். பீட்ரூட் சீக்கிரமே மங்கிப் பழுப்பாகிவிடும். டிகாஷன் இவற்றைவிடப் பரவாயில்லை, சர்க்கரை போட்டதை மட்டும் தொடாதீர்கள், எறும்பு வந்துவிடும்.

இயற்கை நிறம்தான் வேண்டும், நிற்கவும் வேண்டும் என்றால் செடியை விட்டுவிட்டு மண்ணுக்கு வாருங்கள். சித்தன்னவாசலில் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்பவை மண்ணும் கல்லும் கரியும் தந்த நிறங்கள்தான். நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல்லும் கருவேலம் பிசினும் வாங்குங்கள். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவிட்டு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். வெடிக்காமல் இருக்க சில சொட்டுத் தேன், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம். காவியைப் பொடித்து, சலித்து, தடித்த கண்ணாடியின் மேல் இந்தப் பிசின் நீரோடு அரைத்துக்கொண்டே இருங்கள், விரலுக்கு நறநறப்பு தெரியாத வரை. பொடிக்கும்போது முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கடை டியூப்பில் இருப்பதும் அடிப்படையில் இதுதான். உங்கள் காவி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், பேப்பர் பள்ளத்தில் தூள் தூளாகத் தங்கும், எனக்கு அது கடை நிறத்தைவிட அழகாகத் தெரிகிறது.

கே: மாம்பலத்தில் தஞ்சாவூர் ஓவியம் கற்றேன். வாட்டர்கலரில் கபாலீஸ்வரர் கோபுரம் வரைந்து கலசத்துக்கு மட்டும் மக்கு வைத்து ரேக்கு ஒட்டினேன். மக்கு வெடித்துவிட்டது.
– வாசகி, மேற்கு மாம்பலம்

ப: மக்கு சுண்ணப் பொடியும் பசையும்தானே, காய்ந்தால் விறைத்துவிடும். தஞ்சாவூர் ஓவியத்தில் கீழே பலகை இருக்கிறது, அது வளையாது. பேப்பர் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், மக்கு அதோடு போகாது. மேடு வேண்டும் என்றால் வாட்டர்கலர் பேப்பரை முதலிலேயே தடித்த அட்டையிலோ பலகையிலோ ஒட்டிவிட்டு வரையுங்கள், மேட்டுக்கு ஆக்ரிலிக் மாடலிங் பேஸ்ட் மெல்லிசாக. ரேக்கு எப்போதும் கடைசி வேலை. முன்னாலேயே ஒட்டினால் அதன் மேல் வாட்டர்கலர் பிடிக்காது, ஒட்டிய பின் ஈர பிரஷ் பட்டால் பசையும் கிளம்பும்.

அசல் தங்க ரேக்கு என்றால் கவலை இல்லை. 'கோல்டு ஃபாயில்' என்று மலிவாகக் கிடைப்பதில் பல செம்பும் துத்தநாகமும், நம் ஊர் கடற்காற்றில் கறுத்துவிடும். மேலே வார்னிஷ் தடவ வேண்டும், தங்கத்தின் மேல் மட்டும், பக்கத்து வாட்டர்கலரில் படாமல். கலசத்துக்கு மட்டும் தங்கம் என்று நிறுத்திக்கொண்டீர்களே, அது நல்ல முடிவு. கோபுரத்தில் இருக்கிற அத்தனை சிலைக்கும் ஒட்டியிருந்தால் வாட்டர்கலர் எதற்கு?

கே: பல பொருட்களைச் சேர்த்து வரையும் கலப்பு ஊடகத்தில் பெரியவர்கள் செய்த அசல் படைப்புகளைச் சென்னையில் எங்கே பார்க்கலாம்? மொபைலில் பார்த்துச் சலித்துவிட்டது.
– வாசகர், அம்பத்தூர்

ப: ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966-இல் தொடங்கிய ஓவியர் கிராமம், அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடம், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பெரியமேட்டில் 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி நடந்தால் கட்டாயம் போங்கள், பிள்ளைகள் நம்மைவிடத் துணிச்சலாகக் கலக்கிறார்கள். போனால் படத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எது முதலில் விழுந்தது, எது மேலே ஏறியது என்று ஒளி காட்டிக்கொடுக்கும், மொபைல் காட்டாதது அதைத்தான்.

கே: நல்ல பேப்பர் என்று ஒரு கட்டு வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தினேன். இப்போது நிறம் போட்டால் திட்டுத் திட்டாக ஊறுகிறது, சில தாள்களில் பழுப்புப் புள்ளி. மாஸ்கிங், உப்பு எதுவும் அதில் எடுபடவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகி, பெசன்ட் நகர்

ப: வாட்டர்கலர் பேப்பருக்கு ஜெலட்டின் மாதிரி ஒரு பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள், தண்ணீர் உடனே உள்ளே போகாமல் மேலே நின்று விளையாடுவது அதனால்தான். கடலோர ஈரத்தில் அது கெட்டுவிடும், பழுப்புப் புள்ளி பூஞ்சை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்தத் தாள் பிழைத்தது. உடனே ஊறி, பின்பக்கம் ஈரம் தெரிந்தால் வாட்டர்கலருக்கு அது முடிந்தது. முடிந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு பக்கமும் ஆக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மெல்லிசாகப் பூசினால் ஆக்ரிலிக்குக்கும் ஆயில் பேஸ்டலுக்கும் ஆகும். பூஞ்சை பிடித்த தாளை மட்டும் மற்றதோடு சேர்க்காதீர்கள், பரவும்.

அடுத்த முறை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், முழுக்கப் பருத்தி, 22-க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், பேடாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக வரும். கைக்காகிதம் வாங்கினால், புதுச்சேரியில் இருந்து வருவது உட்பட, கட்டாக வாங்கும் முன் ஒரு தாள் வாங்கிச் சொட்டுப் பரீட்சை செய்யுங்கள், எல்லாக் கைக்காகிதமும் வாட்டர்கலருக்காகச் செய்தது இல்லை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். நல்ல வெயில் நாளில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்து மூடுங்கள். மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடிய கணக்குத்தான். ஐப்பசி வருவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்து, பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.